பதினோரு பத்து நிமிஷம்

ஸ்டேஷனில் அவளுக்குப் 'பத்து நிமிஷம்' என்று பெயர். டீக்கடைக்காரர் ஆரம்பித்து வைத்தது. போர்ட்டர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஸ்டேஷன் மாஸ்டரே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பதினான்கு வருஷமாக மைக் முன்னால் உட்கார்ந்து, "பத்து நிமிடம் தாமதமாக வந்து சேரும், ஏற்படும் அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை வருந்துகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

உண்மையில் அவள் வருந்தியதெல்லாம் இல்லை. திரையில் எண் வரும், வாய் படிக்கும், மனசு வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

எண் வருகிற இடத்தின் பெயர் கண்ட்ரோல். மூன்று மணி நேரப் பயணத்துக்கு அப்பால், பெரிய நகரத்தில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடி. அங்கே ஓர் அதிகாரி விசையைத் தட்டினால் அதே எண் பிளாட்பாரப் பலகையில் சிவப்பாக எரியும், பயணிகளின் போனில் குட்டி ரயில் படத்துக்குப் பக்கத்தில் தோன்றும், இவள் திரையிலும் வந்து விழும். பலகை சொல்கிறது, போன் சொல்கிறது, மைக்கும் சொல்கிறது, மூன்று பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஜனங்கள் நினைப்பார்கள். மூன்றுக்கும் வாய் ஒன்றுதான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு தடவைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் சொல்லக்கூடாது என்பது கண்ட்ரோலின் கட்டளை. முழுத் தாமதத்தையும் ஒரே வாயில் சொன்னால் கூட்டம் கலைந்துவிடுமாம், கவுண்டரில் சண்டை வருமாம். அதனால் குழந்தைக்குக் கசப்பு மருந்து கொடுக்கிற மாதிரி ஒரு சொட்டு, அப்புறம் ஒரு சொட்டு. ஒன்பது பத்து ரயில் ஒன்பது இருபதுக்கு வரும். ஒன்பது இருபதானதும் ஒன்பது முப்பதுக்கு வரும். பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். கழிப்பறைக்குக்கூடப் போகப் பயப்படுவார்கள். போன நேரத்தில் ரயில் வந்துவிட்டால்?

இதெல்லாம் அநியாயம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவளிடமும் ஒரு காரணம் இருந்தது. அவள் உட்காரும் அறையின் ஜன்னல் கண்ணாடியில், மூலைக்கு மூலை ஒரு விரிசல் ஓடும். அதன்மேல் பழுப்பேறிய ஒட்டுநாடா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இரக்கப்பட்டு, "இரண்டு மணி நேரம் ஆகும்" என்று மைக்கில் சொல்லிவிட்டாள். ஜனங்கள் சாப்பிடப் போனார்கள், கடைத்தெருவுக்குப் போனார்கள். பாதை நாற்பதே நிமிஷத்தில் சரியாகிவிட்டது. ரயில் வந்து, காலிப் பெட்டிகளோடு கிளம்பிப் போனது. திரும்பி வந்தவர்கள் ஜன்னலைச் சூழ்ந்துகொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். யாரோ தண்ணீர் பாட்டிலை வீசினார்கள். கண்ணாடியில் விரிசல் விழுந்தது அன்றைக்குத்தான். திரையில் இருப்பதைத் தவிர ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

அந்த முடிவுக்கு விலை கொடுத்தது அவள் நாத்தனார்.

நாத்தனாரை வீட்டில் ஊசி என்று கூப்பிடுவார்கள். தையல்காரி என்பதால் பாதி, வாய் அப்படி என்பதால் மீதி. துணி ஆலையில் பதினொரு வருஷம் காலர் தைத்தவள். அங்கே ஷிப்ட் முடிந்து மணி அடித்த பிறகும் ஃபோர்மன், "பத்து நிமிஷம்தான், இந்தக் கட்டை முடிச்சுட்டுப் போங்க" என்பான். அது முடிந்ததும் இன்னொரு கட்டு, இன்னொரு பத்து நிமிஷம். ஒரு நாள் மணி அடித்ததும் ஊசி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, ஃபோர்மன் கத்தக் கத்தத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள். மறுநாள் காலையில் அவள் அடையாள அட்டைக்கு ஆலைக் கதவு திறக்கவில்லை.

வழக்குப் போட்டாள். தொழிலாளர் நீதிமன்றம் அந்தப் பெரிய நகரத்தில்தான் இருந்தது. காலையில் அங்கே போக இரண்டே வழி: ஒன்பது பத்து ரயில், இல்லாவிட்டால் எதிரே நிலையத்திலிருந்து ஒன்பது நாற்பது பேருந்து. எதில் போனாலும் ஒரு மணிக்குள் நீதிமன்றப் படி ஏறிவிடலாம், வழக்கைக் கூப்பிடுவது ஒன்றே காலுக்கு. முதல் வாய்தாவில் அழைப்பாணை தாமதமாக வந்து தவறிப்போனது. இரண்டாவது வாய்தா அன்று ஊசி இதே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, சொந்த அண்ணியின் குரலில் 'பத்து நிமிடம்' கேட்டாள். அண்ணி பொய் சொல்வாளா என்று நம்பினாள். ஒன்பது நாற்பதுக்குப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது அவள் காதில் விழத்தான் செய்தது. பதினோரு தடவை பத்து நிமிஷம் கேட்டாள். பதினொரு மணிக்கு ரயில் வந்தபோது அதில் ஏறாமல் வீட்டுக்கு நடந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதோடு பேச்சு நின்றது. நான்கு மாதம். ஒரே வீட்டில் மேல்மாடியில் ஊசி, கீழே இவர்கள். "உங்க தங்கச்சிகிட்ட தண்ணி வந்துடுச்சுன்னு சொல்லுங்க" என்று இவள் சொல்வாள். "உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுச்சுன்னு சொல்லு" என்று படிக்கட்டிலிருந்து பதில் வரும். நடுவில் நின்ற அண்ணன்காரன் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பான்.

இன்றைக்கு மூன்றாவது வாய்தா. 'இறுதி வாய்ப்பு' என்று நீதிபதி எழுதிவிட்டார். இன்றும் வரவில்லையென்றால் வழக்குத் தள்ளுபடி. முந்தின நாளே போய்த் தங்கலாமே என்று அண்ணன் கேட்டதற்கு, "அங்க எனக்கு யார் பாய் விரிச்சு வச்சிருக்காங்க?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

ஒன்பதாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது அறிவிப்பு அறை ஜன்னலுக்கு நேர் எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள் ஊசி. நீல நிறத் துணிப்பை மடியில். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வேறு பெஞ்சே கிடைக்காதது மாதிரி அங்கேதான் உட்கார்ந்தாள்.

ஒன்பது ஐந்துக்குத் திரையில் வந்து விழுந்தது: பத்து நிமிடம் தாமதம்.

அவள் படித்தாள். குரல் நடுங்கவில்லை, பழக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊசி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கை மட்டும் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

அப்போது ஸ்டேஷன் மாஸ்டர் உள்ளே வந்தார். ஓய்வுபெற எட்டு மாதம் மிச்சமிருக்கிற மனிதர். எட்டு மாதமும் எந்த வம்புமில்லாமல் கழிய வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"பாலத்துக்கு அந்தப் பக்க ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சும்மா. மேல போற மின்கம்பி அறுந்து தண்டவாளத்துல கிடக்காம். வண்டி அப்படியே நிக்குதாம்."

"ரிப்பேர் வண்டி?"

"இன்னும் ஷெட்டை விட்டே கிளம்பல. டிரைவர் வரணுமாம்."

"கண்ட்ரோலுக்குத் தெரியுமா சார்?"

"அவங்களுக்குத் தெரிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு." அவர் திரையைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். "நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல."

வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார்.

மணி ஒன்பது பன்னிரண்டு. பிளாட்பாரத்திலிருந்து மேம்பாலம் ஏறி இறங்கி எதிரே பேருந்து நிலையத்துக்குப் போக எட்டு நிமிஷம். ஒன்பது முப்பத்திரண்டுக்குள் எழுந்தால் ஊசிக்கு வழக்கு உண்டு. எழவில்லையென்றால் பதினொரு வருஷம் காலர் தைத்ததும், அன்றைக்குத் திரும்பிப் பார்க்காமல் நடந்ததும் ஒரு கோப்பில் கட்டி அலமாரியில் போய்விடும்.

அவள் போனை எடுத்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்த எண்ணை அழுத்தினாள். கண்ணாடி வழியாகவே பார்த்தாள்: ஊசி போனை எடுத்துப் பெயரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அடிக்கவிட்டாள், கடைசியில் காதில் வைத்தாள்.

"என்ன?"

"பஸ்ல போயிடு. இப்பவே எழுந்திரு. கம்பி அறுந்து கிடக்கு, வண்டி எப்ப வரும்னு யாருக்கும் தெரியல."

ஊசி பெஞ்சில் இருந்தபடியே பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"எனக்கு மட்டும் சொல்றீங்களா அண்ணி?"

"வேற யாருக்குச் சொல்லணும்?"

"என் பக்கத்துல ஒருத்தி உக்காந்திருக்கா. மடியில ஸ்கேன் படம். ஒரு மணிக்கு டாக்டர் பாக்கணுமாம், போனைப் பாத்துப் பாத்து பத்து நிமிஷம்தான்னு தனக்குத் தானே சொல்லிக்கிறா. அவளுக்கு அண்ணி இல்ல. அதனால அவ உக்காந்தே இருக்கணுமா?"

"இப்ப ஊர் நியாயம் பேசற நேரமா? உன் கேஸைப் பாரு."

"என் கேஸே அதுதான். ஃபோர்மனும் தனக்கு வேண்டியவங்க காதுல மட்டும் வந்து, நீ கிளம்பும்மான்னு சொல்லுவான். மத்தவங்களுக்குப் பத்து நிமிஷம். அவன்மேல கேஸ் போட்டுட்டு, நான் போய் இப்படி நைசா நழுவினா எப்படி?" குரல் கொஞ்சமும் உயரவில்லை. "மைக்ல சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. நான் எழுந்திருக்கேன். சொல்லலைன்னா இங்கேயே இருக்கேன், கேஸ் போனா போகட்டும்."

"உனக்குப் பைத்தியமா?"

"இருக்கலாம்" என்று சொல்லி ஊசி போனைப் பைக்குள் போட்டு, பையின் வாயை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

அறைக்குள் இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்படிப்பட்ட பிடிவாதக்காரியை வீட்டில் வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிற புருஷனை நினைத்துப் பல்லைக் கடித்தாள். மைக்கில் சொல்லி, பேருந்து கிளம்பிய கையோடு ரயில் வந்து நின்றால்? விரிசல் விட்ட கண்ணாடிதான் மிச்சம் இருக்கிறது, அதுவும் போகும். வேலையும் போகும். பதிவுசெய்த குரலைப் போட்டுக்கொள்ளலாம் என்று கண்ட்ரோல் இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்பது பதினெட்டுக்குத் திரையில் எண் மாறியது. பத்தோடு இன்னொரு பத்து, இருபது.

அவள் படிக்கவில்லை. மேஜைமேல் இருந்த சிவப்புப் போனில் கண்ட்ரோலைக் கூப்பிட்டாள்.

"சார், வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. ரிப்பேர் வண்டி கிளம்பவே இல்ல. இருபது நிமிஷம்னு எப்படிப் போட்டீங்க?"

"இது யார் சொன்னது உங்களுக்கு?"

"காத்துவாக்குல வந்துச்சு. எத்தனை ஆகும் சார்?"

"அது தெரியாதும்மா."

"தெரியாதுன்னா இருபதுன்னு ஏன் போடணும்?"

"ஏதாவது ஒண்ணு போடணுமில்ல?" அவர் எரிந்து விழவில்லை. ஒன்றும் தெரியாத பிள்ளையிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார். "காலியா விட்டா ஜனங்க பதறுவாங்க. எண் இருந்தா உக்காருவாங்க. பதினாலு வருஷ சர்வீஸ், உங்களுக்கு நான் சொல்லணுமா? படிங்க."

போன் வைக்கப்பட்டது. கண்ணாடி விரிசல் குறுக்கே ஓட, ஊசி இரண்டு பாதியாகத் தெரிந்தாள். பக்கத்திலிருந்தவள் போனைப் பார்த்து இருபது என்று இரண்டு விரலைக் காட்ட, ஊசி தலையை மட்டும் ஆட்டினாள்.

எண் இருந்தா உக்காருவாங்க. அவளுக்கு மண்டையில் ஏதோ உறைத்தது. அன்றைக்கு அவள் சொன்ன இரண்டு மணி நேரமும் இவர் போடுகிற இருபதும் ஒரே ஜாதி. அது பெரிய எண், இது சின்ன எண். இரண்டும் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னது. பாட்டில் பறந்தது உண்மை சொன்னதற்காக இல்லை. இரண்டு வருஷமாக இதைக்கூட யோசிக்காமல் ஒட்டுநாடாவைப் பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

ஒன்பது இருபத்தைந்து. அவள் மைக்கின் பொத்தானை அழுத்தினாள். மணியோசை மூன்று முறை ஒலித்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று வாய் தன்பாட்டுக்கு ஆரம்பித்தது. அங்கேயே நிறுத்தினாள்.

"ஒன்பது பத்து ரயிலுக்காக உக்காந்திருக்கிறவங்க எல்லாரும் கேளுங்க. வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. மின்கம்பி அறுந்து பாதையில கிடக்கு. சரி பண்ற வண்டி இன்னும் கிளம்பல. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். ரயில் எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. சீக்கிரமும் வரலாம், மத்தியானமும் ஆகலாம். எதிர்ல ஒன்பது நாப்பதுக்கு பஸ் இருக்கு. போறதா இருக்கறதான்னு நீங்க முடிவு பண்ணுங்க."

அத்தனை பேரும் போனைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். பெட்டியோடு ஓர் ஆள் ஜன்னலுக்கு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"போன்ல இருபதுன்னு போட்டிருக்கு! பலகையிலயும் இருபது! நீங்க ஒண்ணு சொல்றீங்க, எதை நம்பறது?"

சிவப்புப் போன் அலற ஆரம்பித்தது. அவள் அதை எடுக்கவில்லை. மறுபடியும் மைக்கை அழுத்தினாள்.

"போன்ல இருக்கிற இருபதும், பலகையில இருக்கிற இருபதும், என் திரையில இருக்கிற இருபதும் ஒரே ஆள் போட்டது. அவருக்கும் தெரியாது, நான் கேட்டுட்டேன். நாலு மாசத்துக்கு முன்னால இந்த வண்டிக்குப் பதினோரு தடவை பத்து நிமிஷம்னு சொன்னது நான்தான். அதுக்கு வருந்துகிறேன்."

அந்தச் சொல்லைப் பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக வருந்திச் சொன்னாள். பொத்தானிலிருந்து கையை எடுத்தாள்.

ஊசி எழுந்தாள். பக்கத்திலிருந்தவளின் கையிலிருந்து ஸ்கேன் உறையை வாங்கித் தன் பையில் செருகினாள், அவள் கையைப் பிடித்தாள், இரண்டு பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு மேம்பாலப் படியில் ஏறினார்கள். ஜன்னல் பக்கம் ஊசி திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் பின்னால் நாற்பது ஐம்பது பேர் ஏறினார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். அவசரமில்லாத ஒரு வயசான தம்பதி செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார்கள். கழிப்பறை வாசலில் சட்டென்று ஒரு வரிசை நின்றது, அத்தனை நேரமும் அடக்கிக்கொண்டிருந்த ஜனம்.

சிவப்புப் போனை எடுத்தாள். கண்ட்ரோல் இந்தத் தடவை பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசவில்லை.

"யாரைக் கேட்டு இதைச் சொன்னீங்க?"

"உங்களைத்தான் சார் கேட்டேன். தெரியாதுன்னு சொன்னீங்க. அதைத்தான் சொன்னேன்."

"இந்த நிமிஷமே அதை வாபஸ் வாங்கி, இருபதுன்னு படிங்க."

"படிக்க மாட்டேன் சார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்க மனசு வரவில்லை. ஒன்பது நாற்பதுக்குப் பேருந்தின் ஹாரன் சத்தம் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டது.

அதன் பிறகு வந்ததுதான் கொடுமை. சின்னச் சத்தம் கேட்டாலும் ரயில்தானோ என்று ஜன்னலுக்கு ஓடினாள். ஒவ்வொரு கால் மணிக்கும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் நின்றாள், தெரிந்ததை வந்து சொன்னாள்: ரிப்பேர் வண்டி கிளம்பிவிட்டது, வந்து சேர்ந்துவிட்டது, கம்பியைத் தூக்குகிறார்கள். டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு டீயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வெறுமனே நின்றுவிட்டுப் போனார்.

பதினொன்று நாற்பதுக்கு ரயில் வந்தது. காத்திருந்தவர்கள் ஏறிப் போனார்கள். ஒருத்தரும் கண்ணாடியைத் தட்டவில்லை.

உடனே சிவப்புப் போன். "பாத்தீங்களா? ரெண்டரை மணி நேரத்துல வந்துடுச்சு. ஊரையே கிளப்பி விட்டீங்களே!"

"இந்த வண்டியில போனா ரெண்டே முக்காலுக்குத்தான் சார் போய்ச் சேரும்."

"சேர்ந்தா என்ன?"

அவள் போனை வைத்தாள். அவருக்குச் சொல்லிப் புரியவைக்க நான்கு மாதம் ஆகும்.

ஒரு மணி ஆனது. ஒன்றே கால். இரண்டு. பேருந்து நடுவழியில் நின்றுபோயிருக்கும் என்று தோன்றியது. தன் பேச்சைக் கேட்டு ஐம்பது பேர் ரோட்டில் நிற்பார்கள் என்று தோன்றியது. இரண்டு இருபதுக்கு அவளுடைய சொந்தப் போன் அடித்தது.

"கூப்பிட்டாங்க அண்ணி" என்றாள் ஊசி. மூச்சு வாங்கியது.

"அப்புறம்?"

"இருக்கேன்னு எழுந்து நின்னேன். நான் வரமாட்டேன்னு நெனச்சு ஃபோர்மன் வரவே இல்ல. அவங்க வக்கீல் முழிக்கிறாரு, பத்து நிமிஷம் டைம் குடுங்கன்னு கேக்கறாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நீதிபதி என்னம்மா சிரிக்கறேன்னாரு. அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் ஐயா கேஸே போட்டேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"வாக்குமூலத்தை எழுதிக்கிட்டாரு. முழுசா. அந்தப் பொண்ணும் டாக்டரைப் பாத்துட்டாளாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கீழ வரேன்னு உங்க புருஷன்கிட்ட சொல்லிடுங்க."

"நீயே சொல்லு, உன் அண்ணன்தானே" என்றாள் இவள். சொல்லிவிட்டு உடனே போனை வைத்தாள்.

சிவப்புப் போன் மறுபடி அடித்தது. எழுத்து மூலமாக விளக்கம் வேண்டும் என்றார் கண்ட்ரோல். திரையில் இல்லாததை ஏன் சொன்னீர்கள், யார் சொல்லிச் சொன்னீர்கள், இனி சொல்லமாட்டீர்கள் என்பதற்கு என்ன உறுதி. மேலே அனுப்ப வேண்டுமாம். நடவடிக்கை நிச்சயமாம்.

"எழுதறேன் சார்."

"எப்ப வந்து சேரும்?"

அவள் ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜையிலிருந்து எடுத்து வந்த வெள்ளைத் தாளைத் தன் முன்னால் வைத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

"பேப்பர் எடுத்து வச்சிருக்கேன் சார். பேனா கையில இருக்கு. இன்னும் ஒரு எழுத்துகூட எழுதல. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். எப்ப வரும்னு தெரியாது."